மேமாட் எஸ்.எல்.1: வாங்கலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்

நிஜ நீராவியில் ஓடும் குட்டி ரயில் எஞ்சின் ஒன்றைச் சொந்தக் கையால் உருவாக்க ஆசைப்படுகிறவர்கள், கையில் பெரிய பணம் இல்லையென்றால், கடைசியில் வந்து நிற்கிற இடம் மேமாட். அந்தக் கம்பெனியின் பழைய எஸ்.எல்.1 எஞ்சின் ஒன்றை வாங்கிப் பிரித்து, பாதிக்கு மேல் மாற்றி, இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் பார்ப்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். கழற்றி மாட்டுவதற்காக என்றால், இந்த விலைக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது.

என்னைப் பற்றி ஒரு வரி. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி டூல்ரூமில் பல வருஷம் இருந்தவன். இப்போது பர்மிங்காமில் வேலை. ஆகவே அரம், வைஸ், மைக்ரோமீட்டர் எல்லாம் எனக்குப் புதிதில்லை. இந்த விமர்சனத்தில் 'சுலபம்' என்று நான் சொல்லுமிடத்தில், கையில் கருவி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ளவும்.

மேமாட் இந்த ஊர்ச் சரக்கு. ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937-ல் பர்மிங்காமில் தொடங்கிய கம்பெனி. மாலின்ஸ், மாடல்ஸ் இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்துவிட்டார். மேஜைமேல் நிற்கும் நீராவி எஞ்சின், ரோடு ரோலர், டிராக்டர் என்று செய்து வந்தவர்கள், 1980 வாக்கில்தான் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் தோட்டத்தில் நீராவி ரயில் ஓட்டவேண்டுமென்றால் ஒன்று லேத் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் லேத் வைத்திருப்பவருக்குப் பணம் கொட்ட வேண்டும். எஸ்.எல்.1 வந்தபிறகு சம்பளக்காரனும் ஓட்டலாம் என்று ஆயிற்று. இன்று இங்கே தோட்ட ரயில் ஓட்டுகிற வயசாளிகளிடம் பேச்சுக் கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் "மேமாடில்தான் ஆரம்பித்தேன்" என்பார்கள். சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் கீழே வருகிறது.

எஞ்சின் நான்கு சக்கரம், நான்கும் இணைக்கப்பட்டவை. தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். 45-லும் உண்டு. இங்கே ஒரு அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், 32 என்பது சரியாக இரண்டடி கேஜ் ஆகிறது. வேல்ஸ் நாட்டு ஸ்லேட் குவாரி ரயில்கள், டார்ஜிலிங் ரயில் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். டார்ஜிலிங் பி கிளாஸ் எஞ்சினை இந்த அளவில் செய்து விற்றும் இருக்கிறார்கள். நம் நீலகிரி ரயில் மீட்டர் கேஜ். அதை 45 மில்லிமீட்டர் பாதையில், 22.5-ல் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். அதன் எக்ஸ் கிளாஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர், நடுவில் பல்சக்கரம், ஒரே நீராவியை இரண்டு தடவை பயன்படுத்தும் காம்பவுண்ட் ஏற்பாடு. அதை நான் செய்யப் போவதில்லை. கேட்கிறவர்களுக்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நான் வாங்கியது இணையத்தில் ஒருவரிடம். "நன்றாக ஓடும், ஷோகேஸில் இருந்தது" என்று போட்டிருந்தார். பெட்டியைப் பிரித்ததும் பித்தளைப் பாய்லரின் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் எரிந்த தடம். சேஃப்டி வால்வைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ஒரு பக்க சிலிண்டரின் ஸ்பிரிங் காணோம். ஷோகேஸுக்குள் அடுப்பு இருந்திருக்கும் போல. அவரிடம் கேட்டேன். பதில் இல்லை. நூற்றைம்பது பவுண்டுக்குள் முடிந்த வியாபாரம் என்பதால் அதற்குமேல் இழுக்கவில்லை. எப்படியும் பிரிக்கத்தான் போகிறேன்.

பிரிப்பது உண்மையிலேயே சுலபம். இந்த எஞ்சினின் முதல் பெருமை அதுதான். மூடி மறைத்த இடம் ஒன்றும் கிடையாது. மேல்பகுதியை எடுத்தால் பாய்லர் தனியே வந்துவிடும். அப்புறம் அடிச்சட்டம், சிலிண்டர், சக்கரம், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். என் எஞ்சினில் எதிர்ப்பட்ட சின்ன ஸ்க்ரூக்கள் எல்லாம் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. பழைய பிரிட்டிஷ் கருவி வேலைக்கென்றே இருந்த மரை அது. பூஜ்யம் நம்பர் என்றால் 6 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் பிட்ச், அதாவது மரைக்கு மரை தூரம். அடுத்தடுத்த நம்பருக்குப் பிட்ச் பத்தில் ஒன்பதாகக் குறைந்துகொண்டே போகும். கோணம் 47½ பாகை. நாம் பழகிய எம்-3, எம்-4 ஸ்க்ரூ இரண்டு சுற்று நல்ல பிள்ளையாக ஏறும். மூன்றாவது சுற்றில் பித்தளை மரையைத் தின்றுவிடும். சேஃப்டி வால்வின் மரை வேறு: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 26 மரை. ஜெர்மன் வில்லெஸ்கோ எஞ்சினின் வால்வைக் கடன் வாங்கி மாட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. அது மெட்ரிக். முதலில் ஒரு செட் பி.ஏ. ஸ்பேனர் வாங்குங்கள், பிறகு எஞ்சினைத் தொடுங்கள்.

இனி சிலிண்டர். இந்த விமர்சனத்தில் உருப்படியான பகுதி இதுதான், பொறுமையாகப் படிக்கவும்.

பெரிய எஞ்சின்களில் சிலிண்டர் அசையாமல் நிற்கும். எந்தப் பக்கம் நீராவி போகவேண்டும் என்பதை ஒரு தனி வால்வும், அதை இயக்கும் கம்பிக் கூட்டமும் தீர்மானிக்கும். எஸ்.எல்.1-ல் அந்தக் கூட்டமே கிடையாது. பிஸ்டன் ராடு நேராகச் சக்கரத்தில் மையம் விலகி நிற்கும் முளையை (கிராங்க் பின்) பிடித்துக்கொள்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற சிலிண்டரே ஒரு முளையில் மேலும் கீழும் ஆடும். சிலிண்டரின் முதுகில் ஓட்டை, அது உரசி நிற்கும் தகட்டிலும் ஓட்டைகள். ஆடும்போது நீராவி வரும் ஓட்டை ஒருமுறை நேர்ப்படும், வெளியேறும் ஓட்டை அடுத்தமுறை நேர்ப்படும். தனி வால்வும் இல்லை, கியரும் இல்லை. கேபினில் இருக்கும் நெம்புகோலைத் திருப்பினால் நீராவிப் பாதையும் வெளியேறும் பாதையும் இடம் மாறும்; எஞ்சின் பின்னோக்கிப் போகும். எத்தனை முறை பார்த்தாலும் இந்த எளிமை எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. சிலிண்டரைத் தகட்டோடு சேர்த்து அழுத்தி வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். பாய்லரில் அழுத்தம் ஏறினால் நீராவி அந்த ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே வெளியே வரும். ஸ்பிரிங்கை இறுக்கினால் கசிவு நிற்கும், உராய்வு கூடும், எஞ்சின் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பது சிலிண்டரும் தகடும் உரசும் இரண்டு முகங்களும் எவ்வளவு தட்டையாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இங்கேதான் டூல்ரூம் பழக்கம் கைகொடுத்தது. முகத்தில் மேடு பள்ளம் காட்டும் நீலச் சாயமான மார்க்கிங் புளூ தடவித் தேய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் ஒட்டியது, நடுவில் பள்ளம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 1200 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்த்தேன். அழுத்தாமல், சிலிண்டரின் சொந்த எடையிலேயே தேய்க்க வேண்டும். நீலம் முகம் முழுக்கச் சீராக ஒட்டும்வரை தேய்த்த பிறகு துளி விடாமல் கழுவ வேண்டும். தேய்ப்புத் தூள் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் செய்த வேலை முழுக்க வீண். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற டூல்மேக்கர் ஒருவர் இருக்கிறார். வேலியின் மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கெல்லாம் பேப்பர் எதற்கு, பிராசோ போதுமே" என்றார். நாங்கள் இன்னும் அதில் உடன்படவில்லை.

இந்த ஒரு வேலை எஞ்சினைத் தலைகீழாக மாற்றியது. மற்ற எல்லாப் பாகங்களும் பணம் கொடுத்து வாங்கியவை. இதற்குச் செலவு ஒரு தாள். மேமாட் வாங்குகிற எவரும் வேறெதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது தீ. எஸ்.எல்.1-க்கு வந்தது மாத்திரை எரிபொருள். பாய்லருக்கு அடியில் ஒரு தட்டு. அதில் வெள்ளை மாத்திரைகளை அடுக்கிப் பற்றவைத்து உள்ளே தள்ள வேண்டும். அந்த மாத்திரை ஹெக்ஸமின். நாற்றம் அடிக்கும், பாய்லரின் அடியில் பிசுக்குப் பிடிக்கும், இங்கிலாந்துக் காற்றில் பாதிச் சூடு தோட்டத்துக்குத்தான் போகும். இப்போது அதற்கும் வழியில்லை. ஹெக்ஸமினை வெடிமருந்து செய்யப் பயன்படும் பொருட்களின் பட்டியலில் சேர்த்து, 2023 அக்டோபரிலிருந்து இங்கே உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பழைய பெட்டியோடு மாத்திரைப் பாக்கெட்டும் சேர்ந்து வந்தால், "இலவசம்தானே" என்று அலமாரியில் போட்டுவைக்காதீர்கள்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று ஸ்பிரிட். திரி வைத்த விளக்கு, மலிவு, சத்தமில்லை. ஆனால் வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் தடம் புரண்டு கவிழ்ந்தால் புல் எரிவதைப் பார்த்துத்தான் ஸ்பிரிட் சிந்தியதே தெரியும். இன்னொன்று கேஸ். நான் கேஸுக்குப் போனேன். பாய்லருக்கு அடியில் பொருந்தும் பீங்கான் முக பர்னர் தனியே கிடைக்கிறது. சின்ன டேங்கில் பியூட்டேன் நிரப்பி, ஊசிவால்வு வழியாக விட வேண்டும். தீ ஒரே சீராக, செந்நிறமாக முகம் முழுக்கப் பரவும். நெருப்பின் அளவைக் கையால் கூட்டிக் குறைக்கலாம் என்பது மாத்திரைக் காலத்தில் கனவிலும் கிடையாது.

கேஸிலும் ஒரு வில்லங்கம். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை பாகை கீழே. டேங்கிலிருந்து ஆவியாகி வெளியேறும்போதே டேங்கைக் குளிரவைத்துவிடும். நவம்பர் மாதத்தில் ஏற்கெனவே ஐந்து பாகைதான் என்றால், கொஞ்ச நேரத்தில் டேங்கின் மேல் பனி படிந்து தீ சுணங்கிவிடும். அதனால் குளிரில் ஓட்டுகிறவர்கள் புரொப்பேன் கலந்த கேஸைப் பிடிக்கிறார்கள்; இல்லாவிட்டால் டேங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துகிறார்கள். என் டேங்க் பின்னால் வரும் வேகனில், ஒரு தகரத் தொட்டிக்குள் இருக்கிறது, தொட்டியில் வெந்நீர். கொதிநீர் அல்ல, கை பொறுக்கும் சூடு. நான் வாங்கிய பர்னரில் ஜெட், அதாவது கேஸ் வரும் நுண்துளை, அடைத்துக்கொண்டு வந்தது. விற்ற கடை மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கடையின் பெயர் வேண்டாம். ஜெட் அடைத்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். பின்பக்கத்திலிருந்து காற்று ஊதினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் பர்மிங்காம்காரர்களுக்கு அதிர்ஷ்டம். எங்கள் குழாயில் வருவது வேல்ஸ் மலையிலுள்ள எலான் பள்ளத்தாக்கு அணைத் தண்ணீர். கோவைக்குச் சிறுவாணி எப்படியோ அப்படி. உப்பு குறைவு, பாய்லரில் படிவது அபூர்வம். லண்டன் பக்கம் இருப்பவர்கள் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். அங்கே குழாய்த் தண்ணீர் கெட்டிலையே சுண்ணாம்புப் பாத்திரமாக்கிவிடும்.

எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. சமையலறையில் இருக்கும் எதுவும் உதவாது, தையல் மெஷின் எண்ணெயும் உதவாது. ஒரு பார், அதாவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நீராவியின் சூடு 120 பாகை. மெல்லிய எண்ணெய் கழுவிக்கொண்டு போய்விடும். நீராவி எண்ணெய் என்றே விற்கிறார்கள், வெல்லப்பாகு மாதிரி கெட்டி. அது சிலிண்டருக்குள் போக நீராவிக் குழாயில் ஒரு சின்ன குப்பி மாட்டினேன். குப்பிக்குள் புகுந்த நீராவி தண்ணீராகி அடியில் தங்கும். எண்ணெய் மேலே மிதந்து துளித்துளியாக நீராவியோடு சேரும். அசையும் பாகம் ஒன்றும் இல்லாத லூப்ரிகேட்டர். ஓட்டி முடித்ததும் அடியிலுள்ள தண்ணீரை வடிக்க வேண்டும்.

சரி, ஓட்டம் எப்படி?

பாய்லர் சூடானதும் நெம்புகோலைத் திறந்தால் உடனே கிளம்பாது. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகிக் கிடக்கும். கையால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். புகைபோக்கி வழியாகக் கொதிநீரும் எண்ணெயும் துப்பும். வெள்ளைச் சட்டையோடு குனியாதீர்கள். அப்புறம் ஒரு குலுக்கல், கிளம்பிவிடும். கிளம்பினால் நிற்காது. வேகத்தை அடக்கும் ஏற்பாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தனியாக விட்டால் வளைவில் பாய்ந்து கவிழும். மேமாடைப் பற்றிச் சிரிப்பது இதற்காகத்தான். மருந்து எளிது: பின்னால் எடை. ஈயத்துண்டு போட்ட வேகன்கள் நாலைந்தைக் கோத்துவிட்டால் ஓட்டம் பெரிய மனுஷத்தனமாக மாறும். முகம் தேய்த்து, கேஸ் வைத்து, சுமை கட்டிய என் எஞ்சின் இப்போது நடைவேகத்தில், தடுமாறாமல் சுற்றி வருகிறது. ஏற்றம் இருந்தால் மட்டும் வேலை கெடும். ஆகவே பாதையை மட்டம் பார்த்துப் போடுங்கள். பீக்கோ கம்பெனியின் எஸ்.எம்.32 தண்டவாளம் போட்டிருக்கிறேன். வெயிலும் மழையும் தாங்குகிறது.

ஓடும்போதே தண்ணீர் விட குடால் வால்வ் என்று ஒன்று உண்டு. பித்தளைத் தண்டில் ஓட்டை, அதன்மேல் சிலிகான் குழாய்த் துண்டு. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் குழாய் ஓட்டையை மூடும். வெளியிலிருந்து பம்ப் செய்தால் விரிந்து வழிவிடும். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் சின்ன ஸ்பிரேயரால் பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றிவிடலாம். எஸ்.எல்.1-ல் வாங்கிப் பொருத்துவதற்குத் தகுதியான பொருட்களில் இது முதலிடம். தண்ணீர் தீர்ந்த பாய்லருக்கு அடியில் தீ எரிந்தால் என் எஞ்சின் வந்துசேர்ந்த நிலைதான் எல்லாருக்கும்.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பர்னர், லூப்ரிகேட்டர், குடால் வால்வ், தேய்த்த முகம். இதற்குமேல் கடைகள் காட்டுகிற ஆசைகள் பல. அழுத்தம் கூடிய சேஃப்டி வால்வு, தடித்த ஸ்பிரிங், பெரிய சிலிண்டர், புதிய செம்புப் பாய்லர், புதிய சக்கரம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமான விலைதான். எல்லாம் வாங்கி முடித்தபோது பழைய எஞ்சினில் மிச்சமிருப்பது பெயர்ப்பலகை மட்டும். கையை விட்டுப் போனது ஒரு நல்ல கிட்டின் (பாகங்களாக வாங்கி நாமே மாட்டும் எஞ்சின்) விலையில் பெரும்பங்கு. குறிப்பாக அழுத்தத்தைக் கூட்டும் யோசனையை நான் ஏற்கவில்லை. சிலிண்டரைப் பிடித்திருப்பது ஸ்பிரிங்தான் என்று மேலே சொன்னேனே, அது மாறாதவரை கூடுதல் அழுத்தம் கசிவாகத்தான் போகும். மேமாட் ஒரு பாருக்கு முன்பின்னாக வைத்தது காரணத்தோடுதான். சிறுவர் கையில் போகும் பொருள் அது. பித்தளை, சூடான நீராவியோடு நெடுங்காலம் பழகினால் துத்தநாகத்தை இழந்து பலவீனமாகும். அழுத்தம் கூடிய பாய்லர்களைச் செம்பில் செய்து வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டுவது இதனால்தான்.

அழுத்தமும் இழுவையும் வேண்டுமென்பவர்கள் நேராக வேறு இடத்துக்குப் போகலாம். டான்காஸ்டரில் ரவுண்ட்ஹவுஸ் இருக்கிறது. 40 பி.எஸ்.ஐ. (ஏறக்குறைய 2.8 பார்) அழுத்தம், அசையாத சிலிண்டர், வால்வை இயக்க வெளியே வால்ஷார்ட்ஸ் கியர். சோதித்து முடித்த பாய்லரோடு கிட்டாகவும் கொடுக்கிறார்கள். விலை மேமாடைப்போலப் பல மடங்கு. ஜெர்மனியின் ரெக்னர் கிட்டுகள் நடுவில் நிற்கும். அவற்றை மாட்டினால் சேர்ந்துவிடும். அதுதான் எனக்கு அவற்றின் மேல் உள்ள மனத்தாங்கலும். மேமாட் சேராது. ஏன் சேரவில்லை என்று நாம் தேட வேண்டியிருக்கும். தேடுகிற வழியில் நீராவி எஞ்சின் என்றால் என்ன என்று விரலுக்குத் தெரிந்துவிடும். "ஏங்க, ஓடுறதை வாங்கியிருக்கலாமே" என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் இதுதான் பதில். அங்கே அது எடுபடவில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. இங்கே மாடல் பாய்லர்களுக்குச் சங்கங்கள் சோதனைச் சான்று கேட்கும். அழுத்தத்தைப் பாரிலும் கொள்ளளவை லிட்டரிலும் பெருக்கி வருவது மூன்றுக்குள் இருந்தால் சின்னப் பாய்லர் கணக்கு, விதிகள் இலகுவானவை. மேமாடின் கணக்கு அந்த மூன்றின் பக்கத்தில்கூட வராது. இருந்தாலும் பழைய சேஃப்டி வால்வை நம்பாதீர்கள். புதியது வாங்கி மாட்டுங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது.

பழையது வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியவை: பாய்லரின் அடிப்பக்கம் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பரவாயில்லை. ராடு ஓட்டை முட்டை வடிவாகியிருந்தால் விலையைக் குறையுங்கள். காலிப் பாய்லரை இறுக மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கினால் ஒட்டுகளில் குமிழி வருகிறதா என்று தெரியும். விற்பவர் "ஒரே ஒருமுறைதான் ஓட்டினேன்" என்று சொன்னால், பேச்சை விட்டுவிட்டுச் சக்கரத்தின் உள்விளிம்பில் பெயின்ட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.